கருவறையும் ஒரு வேலையிடம்தான்

திருவண்ணாமலைக் கோயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் கோபுரத்தில்தான் ஆரம்பிப்பார்கள். 217 அடி, பதினொரு நிலை, கிருஷ்ணதேவராயர் தொடங்கி வைத்தது, செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது என்று. நாம் வேறு இடத்தில் ஆரம்பிக்கலாம். இந்தக் கோயிலில் யார் யார் வேலை செய்கிறார்கள்? எந்த வேலை யாருக்கு? யாருடைய வேலை எந்த வாசலோடு நின்றுபோகிறது?

கோயில் என்றால் சாமி இருக்கிற இடம் என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது சம்பளம் கொடுக்கிற இடமும்கூட. நிர்வாக அதிகாரி இருக்கிறார், எழுத்தர் இருக்கிறார், சீட்டு கிழிக்கிறவர், காவலர், மடப்பள்ளிக்காரர், மேளக்காரர், ஓதுவார், பூ கட்டுகிறவர், கூட்டுகிறவர், கழுவுகிறவர் இருக்கிறார்கள். வருகைப் பதிவேடு, விடுப்பு, இடைநீக்கம் எல்லாம் உண்டு. அறநிலையத் துறையின் கீழே இப்படி முப்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட கோயில்கள். இந்த வேலைகளை எல்லாம் வரிசையாக எழுதி, பக்கத்தில் சாதியையும் எழுதிப் பார்த்தால், சாமியிலிருந்து எத்தனை அடி தூரத்தில் எந்தச் சாதி என்று ஒரு வரைபடமே கிடைத்துவிடும்.

இந்த வரைபடம் இயற்கையானது இல்லை என்பதற்கு அண்ணாமலையிலேயே சாட்சி இருக்கிறது. கார்த்திகை தீபத்தன்று ஊரும் உலகமும் அண்ணாந்து பார்க்கிற மகாதீபத்தை 2,668 அடி உயர மலை உச்சியில் ஏற்றுகிறவர்கள் சிவாச்சாரியார்கள் அல்ல. பர்வதராஜ குலத்தார் என்று சொல்லிக்கொள்கிற மீனவ மக்கள். கொப்பரையைத் தூக்கிக்கொண்டு மலையேறி, நெய்யை ஊற்றி, திரியை முறுக்கி, தலைமுறை தலைமுறையாக அவர்கள் கைதான் ஏற்றுகிறது. அந்தக் கை பட்ட தீபம் சிவன். அதைக் கும்பிடாத குருக்கள் இல்லை. அப்படியானால் பிற சாதிக் கை பட்டால் சாமிக்குத் தீட்டு என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது? மலை உச்சிக்குப் பொருந்தாத தீட்டு, கீழே கருவறைக்கு மட்டும் எப்படிப் பொருந்துகிறது? கேட்டால் அது மரபு, இது ஆகமம் என்று பதில் வரும். மலையேறுவது உடம்பு நோகிற வேலை. கருவறையில் நிற்பது அதிகாரம் தருகிற வேலை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இதற்குக் கீழே இன்னொரு வேலை இருக்கிறது. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் சனங்கள் நடக்கிறார்கள். மறுநாள் விடியற்காலம் அந்தப் பாதையைக் கூட்டி, கழிப்பிடங்களைக் கழுவி, எச்சில் தட்டுகளை அள்ளுகிற கைகள் பெரும்பாலும் நம்முடைய சேரிக் கைகள். அங்கே ஆகமம் தடுக்கவில்லை. "எல்லா சாதிக்காரங்களும் வந்து கூட்டணும்"னு எந்தச் சங்கமும் வழக்குப் போடவில்லை.

*

வேலையிடத்தைத் திறந்துவிடச் சொல்லி நாம் கேட்டது இன்று நேற்றில்லை. 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைப் பொதுத்தெரு, பொதுக்கிணறு என்று மட்டும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதில் அரசு அலுவலகங்களும் இருந்தன. தாலுகா கச்சேரிக்குள்ளே நுழைவதே அன்றைக்கு ஒரு உரிமைப் பிரச்சினை. 1928இல் வகுப்புவாரி உரிமை ஆணை நடைமுறைக்கு வந்தபோது பன்னிரண்டு இடங்களைப் பங்கு வைத்தார்கள். பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறித்தவர் ஆங்கிலோ இந்தியர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1. பன்னிரண்டில் ஒன்று. ஆனாலும் அந்த ஒன்று எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருந்ததால் கேட்க முடிந்தது.

கோயில் விஷயத்தில் வேறு மாதிரி நடந்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயரோடு நம்மவர்கள் போனார்கள். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1950இல் அரசியல் சட்டத்தின் பதினேழாவது பிரிவு தீண்டாமையை ஒழித்ததாகச் சொன்னது. இவை எல்லாம் நம்மைக் கும்பிடப் போகிறவர்களாகத்தான் உள்ளே விட்டன. உண்டியலில் போடலாம், வரிசையில் நிற்கலாம், தட்டில் காசு வைக்கலாம். தட்டை ஏந்துகிற வேலை மட்டும் கேட்கக் கூடாது.

அம்பேத்கர் இதை 1936லேயே பார்த்துவிட்டார். சாதி ஒழிப்பு பற்றி அவர் எழுதிய உரையில் புரோகிதத் தொழிலைப் பற்றிச் சொல்கிற இடத்தை நம் இளைஞர்கள் திரும்பப் படிக்க வேண்டும். புரோகிதமே இல்லாமல் போனால் நல்லது. இருந்தே தீரும் என்றால் பரம்பரை உரிமையாக இருக்கக் கூடாது. இந்து என்று சொல்லிக்கொள்கிற எவரும் வரலாம். அரசு நடத்துகிற தேர்வில் தேற வேண்டும், அரசு சான்றிதழ் கொடுக்க வேண்டும், மற்ற அரசு ஊழியரைப் போல ஒழுங்கு விதிகளுக்கு உட்பட வேண்டும். இதுதான் அவர் சொன்னதன் சாரம். வக்கீலுக்கும் வைத்தியருக்கும் தகுதிச் சான்று கேட்கிற சமூகம் புரோகிதருக்கு மட்டும் பிறப்புச் சான்று போதும் என்கிறதே என்பது அவருடைய கேள்வி. அவர் கருவறையை ஒரு வேலையிடமாகப் பார்த்தார்.

*

தமிழ்நாட்டில் அந்தக் கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் பெரியார். 1970 ஜனவரி 26 அன்று கருவறை நுழைவுக் கிளர்ச்சி என்று அறிவித்தார். கலைஞர் கருணாநிதி அரசு சட்டம் கொண்டுவருவதாகச் சொன்னதால் கிளர்ச்சியைத் தள்ளிவைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் சட்டமன்றம் அறநிலையச் சட்டத்தைத் திருத்தியது. அப்பன் அர்ச்சகர் என்பதால் பிள்ளை அர்ச்சகர் என்பது இனி இல்லை என்றது. உடனே வழக்கு. 1972 மார்ச் 14 அன்று சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அந்தத் தீர்ப்பில் நமக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது, எதிரானது ஒன்று இருக்கிறது. அர்ச்சகர் நியமனம் மதச் சார்பற்ற ஒரு செயல். அர்ச்சகர் கோயிலின் ஊழியர். அறங்காவலரின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்பட்டவர். வாரிசு முறை வெறும் வழக்கம்தான், மதத்தின் உயிர்நாடி அல்ல. இது நமக்கு வேண்டியது. ஆனால் யார் சிலையைத் தொடலாம் என்று ஆகமம் விதித்திருக்கிறதோ அந்தப் பிரிவிலிருந்துதான் நியமிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் சாத்தியது மாதிரி. பிள்ளைக்குப் பதிலாக அண்ணன் மகனை நியமிக்கலாம் என்கிற அளவுக்குச் சட்டம் சுருங்கிப்போனது. 1973 டிசம்பர் 24 அன்று பெரியார் இறந்தார். அவர் நெஞ்சில் தைத்த முள் என்று இதைக் கலைஞர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது சாதி விஷயமே இல்லீங்க, பிரிவு விஷயம். மத்த பிராமணாளே தொட முடியாது" என்று ஒரு வாதம் உண்டு. அந்த வழக்கிலேயே இது சொல்லப்பட்டது. சங்கராச்சாரியாரே ஆனாலும் உள்ளே போகக் கூடாதுதான். சரி, வைத்துக்கொள்வோம். வெளியே நிற்கிற ஸ்மார்த்தருக்கு வேறு பத்துப் பதவிகள் இருக்கின்றன. அவரை யாரும் தீட்டு என்று சொல்வதில்லை. வெளியே நிற்கிற சக்கிலியருக்கும் பறையருக்கும் பள்ளருக்கும் அந்த வெளியே நிற்றல்தான் வாழ்க்கை. இரண்டு பேருக்கும் ஒரே விதி என்று சொல்வது விதியைப் பார்த்துச் சொல்வது, மனிதனைப் பார்த்துச் சொல்வதல்ல.

கேரளத்தில் நிலைமை கொஞ்சம் முந்திக்கொண்டது. ஆலங்காட்டில் ஒரு சிவன் கோயிலில் பிராமணரல்லாதவரைத் தேவசம் போர்டு நியமித்ததை எதிர்த்த ஆதித்தன் வழக்கில், அரசியல் சட்டத்துக்கு முந்தைய பழக்கம் என்பதற்காகச் சாதிக் கட்டுப்பாட்டை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. 2017இல் திருவிதாங்கூர் தேவசம் போர்டுக்கு எழுத்துத் தேர்வு, நேர்காணல், இடஒதுக்கீடு என்று அரசுப்பணி முறையிலேயே ஆள் எடுத்தபோது பிராமணரல்லாதார் 36 பேர் தேறினார்கள். அதில் 6 பேர் தலித்துகள். சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை.

*

இங்கே 2006 மே 23 அன்று அரசாணை வந்தது. தகுதியும் பயிற்சியும் உள்ள எந்த இந்துவும் அர்ச்சகர் ஆகலாம் என்று. நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் குழு போட்டார்கள். ஆறு இடங்களில் பயிற்சிப் பள்ளி. வைணவத்துக்குத் திருவரங்கமும் திருவல்லிக்கேணியும். சைவத்துக்கு மதுரை, பழனி, திருச்செந்தூர், அப்புறம் நம்ம திருவண்ணாமலை.

2007இல் இந்தப் பள்ளி நடந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். குடியானவர் வீட்டுப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து மந்திரம் சொல்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. "இன்னாத்துக்குடா இதெல்லாம், உள்ள உடுவானுங்களா?" என்று எங்கள் தெருவிலேயே பெரியவர்கள் கேட்டார்கள். சொல்லிக்கொடுக்க வாத்தியார் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. படித்தவர்கள் பிடிவாதமாகப் படித்தார்கள். ஆறு பள்ளிகளிலும் சேர்த்து 206 பேர் முடித்து வெளியே வந்தார்கள். கையில் அரசு கொடுத்த சான்றிதழ்.

ஆனால் வழக்கும் கூடவே போய்க்கொண்டிருந்தது. மதுரைச் சிவாச்சாரியார்கள் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியிருந்தது. 206 பேரும் நின்றார்கள். பயிற்சி பெற்ற அர்ச்சக மாணவர் சங்கம் என்று திரண்டார்கள். திருவண்ணாமலைப் பள்ளியில் படித்த வா. ரங்கநாதன் அதன் தலைவரானார். வழக்கில் தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர்களே டில்லிவரை போனார்கள். 2015 டிசம்பர் 16 அன்று தீர்ப்பு வந்தது. அரசாணை செல்லாது என்றும் சொல்லவில்லை, போய் வேலை பாருங்கள் என்றும் சொல்லவில்லை. ஆகமப்படி நியமிக்கலாம், அது சாதி அடிப்படையாக இருக்கக் கூடாது, ஒவ்வொரு நியமனத்தையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றது.

முதல் நியமனம் 2018இல், மதுரையில் ஒரு சின்ன ஐயப்பன் கோயிலில். 2021 ஆகஸ்ட் 14 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் பணி ஆணைகள் கொடுத்தபோது, அரசுப் பள்ளிகளில் பயிற்சி பெற்றவர்கள் 24 பேர் அதில் இருந்தார்கள். தலித்துகள் 5 பேர். இருபது வயதில் பயிற்சி முடித்தவருக்கு அப்போது முப்பத்துமூன்று. இடைப்பட்ட காலத்தில் பலர் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூசை செய்தார்கள், பலர் கூலிக்குப் போனார்கள். 2020 பணி விதிகளில் அர்ச்சகருக்கு உச்ச வயது முப்பத்தைந்து என்று இருந்தது. தடை வாங்கினவர்களுக்கு வழக்கில் ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை. இழுத்தடித்தால் போதும், வயது பார்த்துக்கொள்ளும்.

பிறகும் நிற்கவில்லை. 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதிகள் ஆகமக் கோயில்களுக்குப் பொருந்தாது என்றது. 2023 மார்ச்சில் வயலூர் முருகன் கோயிலில் வேலைக்கு வந்த இரண்டு பேரின் நியமனத்தை மதுரைக் கிளையின் தனி நீதிபதி ஒருவர் ரத்து செய்தார். அதே ஆண்டு ஜூனில் சேலம் சுகவனேசுவரர் கோயில் வழக்கில் சென்னையில் இன்னொரு நீதிபதி, ஆகமமும் பூசையும் தெரிந்தால் போதும், வம்சாவளிக்கு இடமில்லை என்றார். செப்டம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஆகமக் கோயில் நியமனங்களில் இருக்கிற நிலையே தொடரட்டும் என்று ஆணையிட்டது. இருக்கிற நிலை யாருக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை.

அதே செப்டம்பரில் திருவரங்கம் பள்ளியில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்தார்கள். சாதி, பால் என்ற இரண்டு வாசலையும் ஒன்றாகத் தட்டுகிற காலம் வந்திருக்கிறது.

*

இதில் வெளிப்படையாகச் சாதி சொல்லித் தடுப்பவர்களை அடையாளம் காண்பது சுலபம். கஷ்டம் என்னவென்றால், "எனக்குச் சாதியெல்லாம் கிடையாது" என்று உண்மையாகவே நம்புகிற மனிதர்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள்? "மந்திர உச்சரிப்பு சரியா வராது." "பக்தர்களுக்குச் சங்கடமா இருக்கும்." "அவங்க பார்த்தா அந்தக் களை இல்ல." "பாவம், அவங்களுக்கே கூச்சமா இருக்கும்." இதில் ஒரு வாக்கியத்திலும் சாதிப் பெயர் இல்லை. எல்லா வாக்கியத்திலும் சாதி இருக்கிறது. யோசிக்காமல் வருகிற வார்த்தையில்தான் யோசிக்காமல் பழகின சாதி உட்கார்ந்திருக்கிறது. மேலை நாட்டு உளவியலார் இதற்கு நனவிலிச் சார்பு என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் இதை வாங்கிக் கட்டிக்கொண்டே வளர்ந்தவர்கள்.

அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போனார்கள். படிப்பும் தகுதியும் ஒரே மாதிரி, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. முகம் பார்க்கவில்லை, குரல் கேட்கவில்லை. பெயர் மட்டும்தான். அமெரிக்காவில் பாஸ்டனிலும் சிகாகோவிலும் இதே மாதிரி செய்து 2004இல் வெளியிட்டார்கள். வெள்ளைக்காரப் பெயருக்குக் கறுப்பர் பெயரைவிடப் பாதி மடங்கு கூடுதல் அழைப்பு. விண்ணப்பத்தை ஒதுக்கிவைத்த குமாஸ்தாவைக் கேட்டால் "நான் பேரே பாக்கல"ன்னுதான் சொல்லியிருப்பார். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்க மாட்டார்.

தமிழ்நாட்டில் பெயரில் சாதி தெரியாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து வால் அறுந்துகொண்டே வந்திருக்கிறது. அது நல்லது. ஆனால் சாதி வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டது. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு நான் வேலைக்குப் போன ஒரு தனியார் நிறுவனத்தில் முதல் நாள் என்னைக் கேட்டது நான் எதில் ஆய்வு செய்தேன் என்று இல்லை. "எந்த ஊரு தம்பி?" சொன்னேன். "ஊர்லயா, பக்கத்துலயா?" அப்புறம் "குலதெய்வம் எது?" கடைசியில் "நீங்க நம்ம ஆளுங்களா?" ஒருவரும் கோபமாகக் கேட்கவில்லை. அன்பாகக் கேட்டார்கள். மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு வட்டம் எனக்கு எதிரே கொஞ்சம் இறுகிப்போனது. ஆறு மாதம் கழித்து ஒரு பெரியவர், "உங்களைப் பார்த்தா அப்பிடித் தெரியவே இல்ல தம்பி" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டுக்குள் இருக்கிற அவமானம் அவருக்குக் கடைசிவரை புரியாது. அவர் நல்ல மனிதர். பிரச்சினையே அதுதான்.

*

இங்கே நம் பக்கத்துக் கேள்விகளையும் பேசியாக வேண்டும்.

ஒன்று, "பிராமணரல்லாதார்" என்கிற போர்வை. இந்த மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நம்மவர். தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைய 2023 ஜனவரி 30 வரை ஆகியிருக்கிறது. அதுவும் மாவட்ட ஆட்சியரும் போலீசும் கூட வந்துதான். அங்கே மறித்துக்கொண்டு நின்றவர்கள் பார்ப்பனர்கள் அல்ல, நம்மோடு சேர்ந்து இடஒதுக்கீடு வாங்குகிற சாதிகள். அது அறநிலையத் துறைக் கோயில். அருணாசலேசுவரர் கருவறையில் சமத்துவம் கேட்கிற கைகளில் சில, சொந்த ஊர் மாரியம்மன் கோயிலைப் பூட்டிவைத்திருக்கின்றன. எனவே "அனைத்துச் சாதியினரும்" என்று சொல்லும்போது எத்தனை பேர் என்று எண்ணிக் கேட்க வேண்டியது நம் வேலை. 24இல் 5 என்பதைச் சாதனை என்று சொல்லலாம். 206 பேரில் மற்றவர்கள் எங்கே என்றும் கேட்க வேண்டும்.

இரண்டு, "இந்து மதத்தையே விட்டு வெளியேறச் சொன்னவர் பாபாசாகேப். நாம போய் மணி ஆட்டணுமா?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சாமி கும்பிடுகிறவர்களுக்கான உரிமை என்று மட்டும் இதைப் பார்க்க வேண்டியதில்லை. மற்ற வேலையிடங்களில் ஒளிந்து நடப்பது கருவறையில் எழுத்தில், நியாயம் என்று, நீதிமன்றப் படிக்கட்டில் சொல்லப்படுகிறது. பிறப்பால் ஒருவன் ஒரு வேலைக்குத் தகுதியற்றவன் என்பது ஒரு இடத்தில் சட்டப்படி சரி என்று நிற்குமானால், அதன் நிழல் தாலுகா ஆபீசிலும் கல்லூரியிலும் மென்பொருள் நிறுவனத்திலும் விழும். கோயிலுக்குப் போகாதவனுக்கும் அது பிரச்சினைதான்.

மூன்று, மனசு மாறினால் எல்லாம் மாறும் என்கிற உபதேசம். மனசு மாறட்டும், சந்தோஷம். ஆனால் மனசு மாறுகிறவரை காத்திரு என்றால் வயது வரம்பு தாண்டிப்போகும். வரலாறு நமக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது வேறு. 1928இல் எழுத்தில் வந்த பன்னிரண்டில் ஒன்றும், கேரளத்தில் வைத்த எழுத்துத் தேர்வும் யாருடைய நல்ல மனசையும் நம்பி இல்லை. ஆகவே கேட்க வேண்டியதைக் கணக்காகக் கேட்போம். காலியிடம் எத்தனை என்று வெளியே ஒட்டு. தேர்வு வை, மதிப்பெண்ணைச் சொல். ஒருவரை வேண்டாம் என்றால் காரணத்தை எழுதிக் கொடு. "களை இல்லை" என்று எழுதிக் கொடுக்க எவனுக்கும் கை வராது. பணி ஆணை கொடுத்தால் போதாது, எந்தச் சன்னதியில் எந்தக் காலப் பூசை என்று முறை போட்டுச் சுவரில் தொங்கவிடு. பிரகாரத்து ஓரத்தில் நிற்க வைத்துவிட்டு வேலை கொடுத்தோம் என்று கணக்குக் காட்டாதே. வழக்கில் கழிந்த வருடங்களை வயது வரம்பில் கழித்துக்கொடு. கிரிவலப் பாதையைக் கூட்டுகிறவருக்கு நிரந்தர வேலையும், அந்த வேலையிலிருந்து வேறு வேலைக்குப் போக வழியும் கொடு.

இந்தப் பட்டியலில் புதுசு ஒன்றும் இல்லை. தேர்வு, சான்றிதழ், விதி, தண்டனை என்று 1936இல் எழுதப்பட்டவைதான். கிட்டத்தட்ட எழுபது ஆண்டு கழித்து ஒரு அரசாணை வந்தது. அதற்கும் மேலே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. திருவண்ணாமலையில் சான்றிதழ் வாங்கினவர்கள் இன்னமும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தகுதி இல்லை என்று இனி அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது. சாதி இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். அதை வாய்விட்டுச் சொல்ல வைப்பதே இந்தப் போராட்டத்தின் பாதி வெற்றி. மீதிப் பாதிக்கு இன்னும் ஆட்கள் வேண்டும்.